விமானப் பணிக்கு ஒரு தன்விவரக் குறிப்பு

கயல்விழி என்ற ஓர் இளம்பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் கிள்ளானில் வசிக்கிறாள். எஸ்.பி.எம். தேர்வை முடித்தவள், வயது 18. விமானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விமான நிறுவனம் ஒன்று புதிய பணியாளர்களைத் தேடுகிறது என்ற விளம்பரத்தைக் கண்டதும், அக்காவின் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு மேசை முன் அமர்ந்தாள். பெயரை எழுதினாள். தொலைபேசி எண்ணை எழுதினாள். படித்த பள்ளியையும் தேர்வு முடிவுகளையும் எழுதினாள். அடுத்து, 'அனுபவம்' என்று தலைப்பிட்டாள். அதற்குக் கீழே ஒரு வரிகூட வரவில்லை. அரை மணி நேரம் கழிந்தது.

"எழுதுவதற்கு எனக்கு என்னக்கா அனுபவம் இருக்கிறது?" என்று கேட்டாள்.

பள்ளியை முடித்து முதன்முதலாக வேலை தேடும் எவருக்கும் இக்கேள்வி எழும். நாளை உங்களுக்கும் எழலாம். 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்று எண்ணிச் சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், இல்லாததை எல்லாம் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். இவ்விரண்டுமே தவறு. தன்விவரக் குறிப்பு என்பது பெருமைகளின் பட்டியல் அன்று. 'இந்தப் பணியை என்னை நம்பி ஒப்படைக்கலாம்' என்பதற்கு நாம் காட்டும் சான்று அது. அந்தச் சான்று பெரும்பாலும் நம் அன்றாட வாழ்விலேயே இருக்கிறது. அதைக் கண்டெடுத்து எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பணியை அறிவோம்

எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த வேலையைப் பற்றி அறியாமல் நல்ல தன்விவரக் குறிப்பை எழுத முடியாது. விமானப் பணியாளர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவன அழகிய சீருடையும் புன்னகையும் உணவுத் தட்டும்தாம். அவை பணியின் ஒரு பகுதி மட்டுமே. இப்பணியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் மறுபகுதி விளங்கும்.

இப்பணியை 'விமானப் பணிப்பெண்' வேலை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், வான்பயணத்தில் பயணிகளைக் கவனிக்கும் பணியில் முதன்முதலாக அமர்ந்தவர் ஓர் ஆண். ஹைன்ரிச் கூபிஸ் என்ற ஜெர்மானியர் 1912ஆம் ஆண்டில் செப்பலின் வகை வான்கப்பலில் அப்பணியைத் தொடங்கினார். பின்னர், ஹிண்டன்பர்க் என்னும் மாபெரும் வான்கப்பலில் அவர் தலைமைப் பணியாளரானார். 1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் தரையிறங்கும் வேளையில் அந்த வான்கப்பல் தீப்பற்றிக்கொண்டது. அது தரையை நெருங்கியதும், சன்னல் வழியாகக் குதிக்கும்படி கூபிஸ் பயணிகளைத் தூண்டினார். தாமும் குதித்து உயிர் தப்பினார். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தனர்.

விமானத்தில் இப்பணியை ஏற்ற முதல் பெண், எலன் சர்ச் என்ற அமெரிக்கர். அவர் பயிற்சி பெற்ற தாதி. விமானம் ஓட்டவும் கற்றவர். விமானியாக அவரைச் சேர்த்துக்கொள்ள அக்கால நிறுவனம் முன்வரவில்லை. அவர் மனம் தளரவில்லை. 'விமானத்தில் தாதியர் இருந்தால் பயணிகளின் அச்சம் குறையும்; உடல்நலம் குன்றுவோருக்கும் உதவி கிடைக்கும்' என்ற யோசனையை முன்வைத்தார். அந்த யோசனை ஏற்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் தம் முதல் பணிப் பயணத்தை மேற்கொண்டார். ஆக, இப்பணியின் தொடக்கத்திலேயே மனித உயிரைப் பற்றிய அக்கறை இருந்திருக்கிறது.

இன்றும் அதுவே இதன் அடிப்படை. ஒவ்வொரு பயணத்திற்கும் முன்பு பணியாளர்கள் கூடிப் பேசிப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தீயணைப்புக் கருவி, ஆக்சிஜன் குப்பி, முதலுதவிப் பெட்டி ஆகியவை உரிய இடத்தில் இருக்கின்றனவா, பயன்படுத்தும் நிலையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். பெரிய பயணிகள் விமானம் ஒன்றைப் புதிதாக வடிவமைக்கும் நிறுவனம், அதில் நிறைந்திருக்கும் அனைவரும் 90 வினாடிக்குள் வெளியேற முடியும் என்பதை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். அதுவும் வெளியேறும் வழிகளில் பாதியை மட்டுமே பயன்படுத்திக் காட்ட வேண்டும். அந்த 90 வினாடியில் பயணிகளை வழிநடத்தப் போகிறவர்கள் விமானப் பணியாளர்களே.

2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் நடந்த நிகழ்வைச் செய்தியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் உயிரிழந்தனர். பெரிய விமானத்திலோ 367 பயணிகளும், விமானிகள் உட்பட 12 பணியாளர்களும் இருந்தனர். உள்ளே புகை சூழ்ந்தது. அறிவிப்புக் கருவி செயலிழந்தது. எட்டு வெளியேறும் வழிகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பணியாளர்கள் ஒலிபெருக்கியாலும் தம் குரலாலும் கட்டளையிட்டுப் பயணிகளை வெளியேற்றினார்கள். அந்த 379 பேரும் உயிர் பிழைத்தனர். விமானம் முற்றாக எரிந்து போனது.

இப்போது அக்குறிப்பைப் படிக்கப் போகும் அதிகாரியின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். 'இவர் அழகாகச் சிரிப்பாரா?' என்பது மட்டும் அவருடைய கேள்வியாக இருக்காது. 'நெருக்கடியில் இவர் நிதானமாக இருப்பாரா? விதிகளைப் பின்பற்றுவாரா? களைத்திருக்கும் வேளையிலும் முன்பின் அறியாதவரிடம் கனிவாகப் பேசுவாரா?' என்றுதான் அவர் தேடுவார். நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் இக்கேள்விகளில் ஒன்றுக்காவது விடையளிக்க வேண்டும்.

விளம்பரத்தை வரி வரியாகப் படித்தல்

அடுத்து, விளம்பரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். குறைந்தபட்ச வயது, கல்வித் தகுதி, மொழித்திறன், உயரம் அல்லது கையை உயர்த்தி எட்டும் அளவு, பார்வைத்திறன் போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். இவை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். ஆகவே, நண்பர் சொன்னார் என்று எதையும் முடிவு செய்யாமல், அந்த நிறுவனம் வெளியிட்டதையே நேரடியாகப் படியுங்கள்.

இந்நிபந்தனைகளுள் சில, தோற்றத்திற்காக விதிக்கப்பட்டவை போலத் தெரியும். உண்மையில் அவற்றுக்குக் காரணம் உண்டு. எட்டும் அளவை ஏன் கேட்கிறார்கள்? பயணிகளின் தலைக்கு மேலுள்ள பெட்டிகளில் அவசரகாலக் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும். அவற்றை எட்டி எடுக்க முடியாதவர் அவசர வேளையில் உதவ முடியாது. நீச்சலை ஏன் கேட்கிறார்கள்? விமானம் நீரில் இறங்க நேர்ந்தால் பயணிகளை மிதவைப் படகில் ஏற்றும் பயிற்சியும் இப்பணிக்கு உண்டு. காரணம் தெரிந்தால், எதை முதலில் எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விளம்பரத்தை ஒரு தாளில் இரு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது நல்ல வழி. இடப்பக்கம் நிறுவனம் கேட்பவை. வலப்பக்கம் நம்மிடம் இருக்கும் சான்று. வலப்பக்கத்தில் வெற்றிடம் இருந்தால், அங்கே நமக்கு இன்னும் பயிற்சி தேவை என்று பொருள். கயல்விழிக்கு 'நீச்சல்' என்ற சொல்லுக்கு எதிரே வெற்றிடம் இருந்தது. அவள் அதைப் பொய்யால் நிரப்பவில்லை. அந்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேலை தேடும் இளைஞர்களைக் குறிவைத்து ஏமாற்றுவோர் இருக்கிறார்கள். 'முன்பணம் கட்டினால் வேலை உறுதி' என்று எவரேனும் குறுஞ்செய்தி அனுப்பினால் நம்பாதீர்கள். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளம் வழியாகவே விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைத் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டிய தேவையே இல்லை. அடையாள அட்டை எண்ணையும் அதிகாரப்பூர்வ விண்ணப்பப் படிவம் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

ஒரு பக்கத்தில் எவை இடம்பெற வேண்டும்?

பள்ளியை முடித்த ஒருவருக்கு ஒரு பக்கமே போதும். குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே, தேடுவது உடனே கண்ணில் படும்படி எழுத வேண்டும்.

முதலில் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, வசிக்கும் ஊர் ஆகியவை வரும். நண்பர்களுக்காக விளையாட்டாக உருவாக்கிய மின்னஞ்சல் முகவரியைத் தவிர்த்து, நம் பெயரிலேயே ஒன்றை உருவாக்கிக்கொள்வது நல்லது. படம் கேட்டிருந்தால் அவர்கள் சொன்ன அளவிலும் முறையிலும் எடுத்து இணைக்க வேண்டும்.

அதற்குக் கீழே இரண்டு அல்லது மூன்று வரிகளில் ஓர் அறிமுகச் சுருக்கம் இடம்பெறும். பிறகு கல்வி, அனுபவம், மொழித்திறன், பயிற்சிகள், புறப்பாட நடவடிக்கைகள் ஆகியவை வரிசையாக வரும். அண்மையில் செய்ததை முதலிலும் பழையதைப் பின்னரும் எழுதுவதே வழக்கம். இறுதியாக, நம்மைப் பற்றி நற்சான்று கூறக்கூடிய இருவரின் பெயர்களைத் தரலாம். வகுப்பாசிரியர், பகுதி நேர வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் போன்றோர் இதற்குப் பொருத்தமானவர்கள். ஆனால், அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். திடீரென வரும் தொலைபேசி அழைப்பில் "எந்தக் கயல்விழி?" என்று அவர்கள் கேட்டால், நம் குறிப்பு முழுவதுமே வலுவிழந்துவிடும்.

அன்றாட வாழ்வில் இருக்கும் அனுபவம்

இனி, கயல்விழி திகைத்து நின்ற இடத்திற்கு வருவோம். தங்கையின் கேள்வியைக் கேட்ட அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "சனிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய்?" என்று திருப்பிக் கேட்டாள்.

"நாலரை மணிக்கு. அம்மாவோடு கடைக்குப் போக வேண்டுமே!"

"கடையில் என்ன செய்கிறாய்?"

கயல்விழி சொல்லத் தொடங்கினாள். அம்மா நடத்தும் பசியாறைக் கடையில் இரண்டு ஆண்டுகளாக வார இறுதியில் உதவுகிறாள். ஒரு காலைப்பொழுதில் ஏறக்குறைய 80 பேர் வருவார்கள். மலாய்க்காரரிடம் மலாயிலும், சீனரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ, தமிழரிடம் தமிழிலும் பேசுவாள். காரம் கூடாது என்பவர், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் என ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருப்பாள். கூட்டம் அதிகமாகிச் சிலர் கோபப்படும்போது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவாள். கடையை மூடும்போது பணத்தை எண்ணிக் கணக்கு ஒப்படைப்பாள்.

அக்கா இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். "இது அனுபவம் இல்லையா?" என்று கேட்டாள்.

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். சம்பளம் வாங்கிச் செய்தால்தான் அது அனுபவம் என்று எண்ணுகிறோம். விமானப் பணிக்குத் தேவையான குணங்கள் கடையிலும் திடலிலும் வீட்டிலும் வளர்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலுதவிக் கூடாரத்தில் நின்றவருக்கு அந்த அனுபவம் உண்டு. வலைப்பந்துக் குழுவின் தலைவிக்கும், கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்திய இளைஞனுக்கும், பேரங்காடியில் விடுமுறைக் காலத்தில் பணம் பெறும் முகப்பில் நின்றவருக்கும் அது உண்டு.

ஆனால், அதைச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. 'நான் பொறுமைசாலி', 'குழுவாகப் பணியாற்றுவேன்', 'கடின உழைப்பாளி' என்றெல்லாம் எழுதுவது எளிது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். படிப்பவருக்கு அதை நம்புவதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. குணத்தின் பெயரைச் சொல்லாமல், அந்தக் குணம் வெளிப்பட்ட செயலைச் சொல்லுங்கள். 'என்ன செய்தேன், எவ்வளவு காலம் அல்லது எத்தனை பேருக்குச் செய்தேன், அதனால் என்ன ஆனது' என்ற மூன்றும் ஒரு வரியில் அமைந்தால் போதும்.

கயல்விழி முதலில் எழுதியது இது: 'வாடிக்கையாளர்களிடம் நன்றாகப் பழகுவேன்.'

திருத்தி எழுதியது இது: 'குடும்பப் பசியாறைக் கடையில் இரண்டு ஆண்டுகள் வார இறுதிப் பணி. ஒரு காலையில் ஏறக்குறைய 80 வாடிக்கையாளர்களுக்கு மும்மொழிகளில் சேவை. உணவு ஒவ்வாமை உள்ளவர்களைக் கேட்டறிந்து பரிமாறினேன். நாள் இறுதியில் பணக் கணக்கை ஒப்படைத்தேன்.'

இரண்டாவதில் 'நன்றாக' என்ற சொல்லே இல்லை. ஆனால், நன்றாகச் செய்தாள் என்பது தெரிகிறது.

எழுதத் தயங்கிய வரி

தாளில் இன்னும் இடம் இருந்தது. "பாட்டியைப் பார்த்துக்கொண்டாயே, அதை ஏன் எழுதவில்லை?" என்று அக்கா கேட்டாள்.

"அது வீட்டு விசயம். அதைப் போய் எழுதுவார்களா?"

பாட்டி பக்கவாதத்தால் ஓராண்டுக் காலம் படுக்கையில் இருந்தார். அம்மா கடையிலிருந்து திரும்பும் வரை கயல்விழிதான் அவருக்குத் துணை. வேளை தவறாமல் மருந்து கொடுத்தாள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் முறையைத் தாதியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பேச்சுத் தெளிவில்லாத பாட்டி எதைக் கேட்கிறார் என்பதைக் கண்ணசைவிலேயே புரிந்துகொண்டாள். பாட்டி எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்ட நாள்களும் உண்டு. அப்போது அவள் சற்று நேரம் விட்டு, மீண்டும் வந்து, வேறு உணவைக் கொடுத்துப் பார்த்தாள்.

விமானத்தில் இருக்கை வாரைப் பூட்டத் தெரியாமல் திகைக்கும் முதியவரும், காது வலியால் அழும் குழந்தையும், மூச்சுத் திணறும் நோயாளியும் பயணம் செய்கிறார்கள். அவர்கள் எல்லாரும் தங்கள் தேவையைத் தெளிவாகச் சொல்லிவிட மாட்டார்கள். சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவரைத்தான் அந்த நிறுவனம் தேடுகிறது. கயல்விழி எழுத வெட்கப்பட்ட அந்த ஓராண்டுதான், அவளிடம் இருந்த மிக வலுவான சான்று.

ஆயினும், அதை எழுதும்போது ஒரு வரம்பைக் காக்க வேண்டும். பாட்டியின் நோய் பாட்டிக்கு உரிய செய்தி. அதை விளக்கி இரக்கம் தேடுவது நம் நோக்கமன்று. ஆகவே அவள் இப்படி எழுதினாள்: 'நடமாட முடியாத குடும்ப மூத்தவரை ஓராண்டு பராமரித்தேன். மருந்து நேரங்களைக் குறித்துப் பின்பற்றினேன். பாதுகாப்பாக இடம் மாற்றும் முறையைக் கற்றுச் செய்தேன்.' அவ்வளவே. மீதியை அவர்கள் கேட்டால் நேரில் சொல்லலாம்.

மொழியும் உண்மையும்

நம் நாட்டில் இவ்வகை விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். இருந்தாலும், முதல் வரைவை நமக்கு இயல்பாக வரும் மொழியில் எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. எண்ணங்கள் தெளிவான பிறகு, வேண்டிய மொழியில் எழுதலாம்.

மொழித்திறனைக் குறிப்பிடும்போது தமிழை விட்டுவிடாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் விமானங்கள் பறக்கின்றன. பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறும் ஒரு தாத்தாவுக்கு, "ஐயா, இந்த வாரை இப்படி மாட்டுங்கள்" என்று ஒரு குரல் தமிழில் சொன்னால், அவருடைய அச்சத்தில் பாதி குறைந்துவிடும். அவசர வேளையில் அது உயிர் காக்கும் குரலாகவும் ஆகலாம். 'தமிழ்: பேச, படிக்க, எழுதத் தெரியும்' என்ற ஒரு வரிக்கு இப்பணியில் மதிப்பு உண்டு.

ஆனால், எந்த மொழியாயினும் உள்ள அளவையே எழுத வேண்டும். நான்கு சொற்கள் தெரிந்த மொழியைச் 'சரளம்' என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் அம்மொழியிலேயே ஒரு கேள்வி வரும்போது தடுமாற நேரிடும். நீச்சல் தெரியும் என்று பொய்யாக எழுதியவரின் பொய் பயிற்சிக் குளத்தில் வெளிப்பட்டுவிடும். பெறாத முதலுதவிச் சான்றிதழைப் பெற்றதாக எழுதியவரை நம்பி, மயங்கி விழுந்த பயணி ஒருவரை ஒப்படைக்க முடியுமா? இப்பணியில் பொய் என்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

'நீச்சல்: தற்போது வகுப்பில் கற்று வருகிறேன்' என்று கயல்விழி எழுதினாள். அது குறையை ஒப்புக்கொள்ளும் வரிதான். அதே வேளையில், குறையைக் கண்டதும் அவள் என்ன செய்தாள் என்பதையும் அது காட்டுகிறது.

சரிபார்த்தல்

எழுதி முடித்ததும் அனுப்பிவிடக் கூடாது. ஓர் இரவு கழித்து, மறுநாள் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். எழுத்துப்பிழை, தவறான தேதி, விடுபட்ட எண் ஆகியவை அப்போது தென்படும். பிறகு ஆசிரியரிடமோ மூத்தவரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்திற்காக எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி மற்றொரு நிறுவனத்திற்கு அனுப்புவோர், பெயரை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. அத்தகைய பிழை ஒன்றே விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கப் போதுமானது.

சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நீங்கள் கேட்கலாம். விமானக் கதவு முறையாகப் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து உறுதி சொல்ல வேண்டிய பணி இது. தம் தொலைபேசி எண்ணையே சரிபார்க்காத ஒருவர் அந்தக் கதவைச் சரிபார்ப்பார் என்று அதிகாரி எப்படி நம்புவார்?

கயல்விழியின் குறிப்பு

பல முறை திருத்திய பிறகு, கயல்விழியின் தன்விவரக் குறிப்பின் முக்கியப் பகுதி பின்வருமாறு அமைந்தது:

சுருக்கம்: எஸ்.பி.எம். முடித்தவர். வாடிக்கையாளர் சேவையிலும் முதலுதவியிலும் மூத்தோர் பராமரிப்பிலும் நேரடி அனுபவம் உண்டு. அதிகாலைப் பணிக்குப் பழகியவர்.

அனுபவம்: குடும்பப் பசியாறைக் கடை, வார இறுதிப் பணி, இரண்டு ஆண்டுகள். ஒரு காலையில் ஏறக்குறைய 80 வாடிக்கையாளர்களுக்கு மும்மொழிச் சேவை. ஒவ்வாமை விவரங்களைக் கேட்டறிந்து பரிமாறுதல். பணக் கணக்கை ஒப்படைத்தல்.

பராமரிப்பு: நடமாட முடியாத குடும்ப மூத்தவரை ஓராண்டு பராமரித்தல், மருந்து நேரங்களைக் குறித்துப் பின்பற்றுதல், பாதுகாப்பாக இடம் மாற்றுதல்.

புறப்பாடம்: பள்ளிச் செம்பிறைச் சங்க உறுப்பினர், மூன்று ஆண்டுகள். முதலுதவிப் பயிற்சி பெற்றவர். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் முதலுதவிக் கூடாரப் பணி.

மொழி: தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றைப் பேச, படிக்க, எழுதத் தெரியும்.

நீச்சல்: தற்போது வகுப்பில் கற்று வருகிறார்.

இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. கடன் வாங்கியதும் இல்லை. முதல் நாள் இரவு வெறுமையாக இருந்த அதே பக்கம்தான் இது.

விண்ணப்பித்த பின்

தன்விவரக் குறிப்பு வேலையைப் பெற்றுத் தருவதில்லை. நேர்முகத் தேர்வின் கதவை மட்டுமே திறக்கிறது. உள்ளே சென்றதும், நாம் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். "கூட்டம் மிகுந்த நாளில் கோபப்பட்ட வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், உண்மையாக எழுதியவருக்கு விடையைத் தேட வேண்டியிராது. நடந்ததைச் சொன்னால் போதும். ஆகவே, குறிப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருக்கும் நிகழ்வை நினைவுபடுத்திக்கொண்டு செல்ல வேண்டும்.

முதல் முயற்சியிலேயே எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைத்துவிடாது. விண்ணப்பிப்போர் பலர், இடங்கள் சில. கயல்விழிக்கு இம்முறை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால், அவள் இனி எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் 'எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது?' என்று கேட்டுத் திகைத்து நிற்க மாட்டாள்.

மாணவர்களே, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்றே ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த பணி, செய்த நாள், எடுத்துக்கொண்ட நேரம், அதிலிருந்து கற்றது ஆகியவற்றை ஒவ்வொரு மாதமும் இரண்டு வரிகளில் எழுதி வாருங்கள். கழகக் கூட்டத்தில் நாற்காலி அடுக்கியது, தம்பிக்குப் பாடம் சொல்லித் தந்தது, அண்டை வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது என எதையும் சிறியது என்று ஒதுக்காதீர்கள். நீங்கள் விமானப் பணியாளராகலாம், தாதியாகலாம், பொறியியலாளராகவும் ஆகலாம். எந்த வேலையாயினும், அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் தன்விவரக் குறிப்பை எழுதத் தொடங்கலாம்.